உப்புக் காற்றில் ஒரு பழைய மடிக்கணினி

கடல்நீரிலிருந்து எல்லா உப்பும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. மரக்காணத்து உப்பளங்களில் வெயில் ஏற ஏற நீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்புப் பொருளும் அடுத்து ஜிப்சமும் தரையில் தங்கும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக நீர் வற்றிய பிறகுதான் நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சோடியம் குளோரைடு படிகமாகும். அதையும் வாரிய பிறகு பாத்தியில் எஞ்சுவது கசப்பு நீர். மெக்னீசியம் குளோரைடு செறிந்திருப்பது அதில்தான். காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே இந்த உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். சோடியம் குளோரைடுக்கு அந்த எல்லை 75 விழுக்காடு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கடலுக்கும் கழுவெளி ஏரிக்கும் இடையில் கிடக்கும் இந்த ஊரில் இரவு ஈரப்பதம் 75ஐத் தாண்டுவது சாதாரணம். அலை உடையும்போது வெடிக்கும் நுரைக் குமிழிகள் கடல்நீரை நுண்துளிகளாகக் காற்றில் ஏற்றுகின்றன. துளி காய்ந்ததும் எல்லா உப்பும் கலந்த துகளாகி அது வீட்டுக்குள் வருகிறது. ஜன்னல் கம்பியிலும் சைக்கிள் செயினிலும் அது செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். மடிக்கணினிக்குள் நடப்பது தெரியாது. விசிறி உள்ளே இழுத்த துகள்கள் மின்சுற்றுப் பலகையில் படிகின்றன. இரவில் நீரை இழுத்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகின்றன. செம்புத் தடங்களும் இணைப்பு முனைகளும் அந்தப் படலத்தில் மெல்ல அரிக்கப்படுகின்றன.

பயன்படுத்தாமல் எடுத்து வைத்தால் கணினி பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் கடலோரத்தில் செல்லாது. உப்புத் துகள் ஏற்கெனவே படிந்துவிட்ட கணினி, பீரோவின் மேல் பைக்குள் இருந்தாலும் ஒவ்வோர் இரவும் நனையும். ஓடும் கணினியோ சூடாக இருக்கும். 27 டிகிரியில் 85 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 37 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி அப்படியே இருந்தாலும் ஈரப்பதம் 48 விழுக்காட்டுக்கு அருகே இறங்கிவிடும். சோடியம் குளோரைடு உலர்ந்தே கிடக்கும். எனவே உப்பங்கரையில் பழைய கணினியைக் காக்க முதல் வழி, அதை வேலை செய்ய வைப்பது. அதற்கு அது வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பீரோவின் மேல் இருக்கும் கணினி பெரும்பாலும் எது என்று நமக்குத் தெரியும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அடுத்த எட்டு ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குச் சென்றன. உப்பளத்தில் கூலிக்குப் போகும் குடும்பங்களில் பலவற்றுக்கு அதுவே வீட்டுக்குள் வந்த முதல் கணினி. தொடக்க ஆண்டுகளின் கணினியில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. பாஸ் என்பது மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம். 2007இல் வெளிவந்தது, தமிழிலும் இயங்கும். மடிக்கணினித் திட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே, சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தது. ஆக, லினக்ஸ் நம் மாணவர்களின் மடிக்கு 2011இலேயே வந்துவிட்டது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் வரவில்லை. என் வருத்தம் அதில்தான்.

“ஸ்லோ ஆயிடுச்சு” என்பதுதான் அந்தக் கணினிகளைப் பற்றி இன்று கேட்கும் ஒரே புகார். ஆனால் 2011இல் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குகளைப் போட்டதோ அத்தனையை அந்தச் செயலி இன்றும் போடும். மாறியவை அதன் மேல் ஓடும் நிரல்கள். அவை கேட்கும் இடம் 2 ஜிபியைத் தாண்டும்போது, இயங்குதளம் நினைவகத்தில் உள்ளதில் ஒரு பகுதியை வன்தட்டுக்கு இடம் மாற்றும். மறுபடி தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும். நினைவகத்தில் ஒன்றைத் தொட ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வன்தட்டில் முள் நகர்ந்து உரிய இடத்தை அடைய நூறில் ஒரு பங்கு நொடி ஆகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். சுட்டியை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இந்தப் போக்குவரத்துக்குத்தான் போகிறது. இயங்குதளமே எடுத்துக்கொள்ளும் இடத்தைக் குறைத்தால் இந்தப் போக்குவரத்தும் குறையும்.

இந்த இடத்தில் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டத்திலிருந்து ஆய்வகம் விலகிய பிறகு, கென் தாம்சன் அதிகம் யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியைக் கண்டெடுத்தார். அதன் நினைவகத்தை இன்றைய அளவில் சொன்னால் 18 கிலோபைட். நம் அரசு மடிக்கணினியின் நினைவகம் அதைப்போல லட்சம் மடங்குக்கு மேல். அந்தச் சிறிய இடத்தில் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதத் தொடங்கியதுதான் யூனிக்ஸ். இடமில்லை என்ற நெருக்கடி அதன் குணத்தையே வடிவமைத்தது என்று நினைக்கிறேன்: ஒரு கருவி ஒரு வேலையைச் செய்தால் போதும், ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றுக்கு ஊட்டலாம், அமைப்பு விவரங்களை யாரும் படிக்கக்கூடிய எழுத்துக்கோப்புகளில் வைக்கலாம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னலும் (இயங்குதளத்தின் கருப்பகுதி) அந்தக் குணத்தைச் சுதந்திர மென்பொருளாக மாற்றின. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், இவற்றையெல்லாம் நிறுவத்தக்க ஒரே தொகுப்பாக்கியது. கெர்னல் ஒன்று, அதன் மேல் வரும் திரைப்பலகம், விசைப்பலகை முறை, எழுத்துரு, கோப்பு மேலாளர் எல்லாமே தனித்தனிப் பொதிகள். வேண்டாததைக் கழற்றலாம், வேறொன்றைப் பொருத்தலாம். இதை விருப்ப அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2 ஜிபி நினைவகம் உள்ளவருக்கு இது கணினி ஓடுமா ஓடாதா என்ற கேள்வி.

டெபியனை நிறுவும் வேலைக்கு வருவோம். கடலோரத்தில் அது திருப்புளியோடு தொடங்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்மூடியைத் திறந்து, விசிறியில் அடைந்த தூசியை மென்தூரிகையால் நீக்கி, பச்சை பூத்த முனைகளை 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் உப்பு கரைந்து இன்னும் உள்ளே போகும். பிறகு பழைய கோப்புகள், முக்கியமாகச் சான்றிதழ் நகல்களும் புகைப்படங்களும், வேறு இடத்துக்குப் பத்திரமாகப் போகட்டும். பலர் அவசரத்தில் தாண்டிப்போகும் படி இதுதான். தாண்டினால் திரும்பி வர வழியில்லை.

இன்னொரு கணினியில் டெபியனின் நிறுவல் கோப்பை இறக்கி, பென்டிரைவில் எழுத வேண்டும். அந்தக் கோப்போடு 64 குறிகள் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண்ணும் தளத்தில் இருக்கும். இறக்கிய கோப்பிலிருந்து அதே எண்ணை நம் கணினியில் கணக்கிட்டு ஒப்பிடலாம். கோடிக்கணக்கான பைட்டுகளில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் முழுக்க வேறாகிவிடும். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் இது வெறும் சடங்கு இல்லை. நிறுவுகையில் பாதியில் வரும் புரியாத பிழைகளில் கணிசமானவை, சேதமான கோப்பிலிருந்து வருபவை.

வன்தட்டைத் தொடாமலே பென்டிரைவிலிருந்து முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கும் ‘லைவ்’ வடிவம் லினக்ஸின் பெரிய கொடை. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, உப்பு அரித்த விசைகளில் எவை செத்துவிட்டன என்று எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துவிடலாம். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். கெட்டுப்போனதால் ஒதுக்கிவைத்த பகுதிகள் எத்தனை என்ற எண் அதில் இருக்கும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் அந்தத் தட்டில் எதையும் நிறுவ வேண்டாம். அதே அளவுள்ள எஸ்எஸ்டி ஒன்றை அதே இடத்தில் பொருத்தலாம். நகரும் முள் இல்லாததால், ஒரு தகவலைத் தேடி எடுக்க எஸ்எஸ்டிக்கு ஆகும் நேரம் நூறில் ஒரு பங்குதான். பழைய கணினிக்குச் செலவழிக்க ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது என்றால் அது இதற்கே போகட்டும்.

நிறுவி கேட்கும் முதல் கேள்வி, மொழி. டெபியன் நிறுவியில் தமிழ் உண்டு. ஆனால் வரைகலை நிறுவியைத் தேர்ந்தெடுத்தால்தான் தெரியும். எழுத்து வடிவ நிறுவியின் பட்டியலில் தமிழ் வராது. காரணம் புறக்கணிப்பு அல்ல. லினக்ஸின் கறுப்புத் திரை முனையம் ஒரு நேரத்தில் 256 அல்லது 512 எழுத்து வடிவங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும், ஒவ்வொன்றையும் ஒரே அகலக் கட்டத்தில் வரிசையாக அடுக்கும். தமிழ் அப்படி அடங்காது. ‘கொ’ என்ற எழுத்து கணினியில் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். ‘கு’, ‘டு’, ‘மு’ ஒவ்வொன்றுக்கும் உகரம் வேறு வேறு விதமாக ஒட்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு நிரல்கள். அவை வரைகலைத் திரையில்தான் ஓடும். 2007இல் வந்த டெபியன் 4 பதிப்பில் வரைகலை நிறுவி சேர்ந்த பிறகுதான், இப்படிச் சேர்த்து எழுதும் எழுத்துகளைக் கொண்ட மொழிகளுக்கு அங்கே கதவு திறந்தது.

அடுத்தது வன்தட்டைப் பிரிப்பது. புதிதாக நிறுவுபவர்கள் அதிகம் பயப்படும் கட்டம் இது. பொறுமையாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. இயங்குதளத்துக்கு 40 ஜிபி போதும். மீதி இடத்தைப் பயனரின் கோப்புகளுக்கென்று தனிப் பகிர்வாக வைத்துவிட்டால், நாளைக்கு இயங்குதளத்தை அழித்து வேறொன்றை நிறுவினாலும் கோப்புகள் அப்படியே இருக்கும். யூனிக்ஸ் வழியில் சி, டி என்று தனித்தனி டிரைவ்கள் கிடையாது. எத்தனை பகிர்வு இருந்தாலும், பென்டிரைவ் செருகினாலும், எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரத்தில் ஓர் இடத்தில் வந்து பொருந்தும். டேலி போல விண்டோஸில் மட்டும் ஓடும் நிரலை நம்பித் தொழில் நடத்துபவர் விண்டோஸை முழுதாக அழிக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் இடத்தைச் சுருக்கிவிட்டு, காலியான பகுதியில் லினக்ஸை நிறுவி, தொடங்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம்.

பகிர்வுக்கு எந்தக் கோப்பு முறைமை என்ற கேள்விக்கு எக்ஸ்ட்4 என்ற பதிலே போதுமானது. ஏன் என்பதைப் புயல் அடிக்கும் கரையில் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது; மரக்காணத்து உப்பளங்களும் மூழ்கின. அத்தகைய நாட்களில் மின்சாரம் சொல்லாமல் போகும். பத்து வருடப் பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். ஆகவே மின்சாரம் போன அந்தக் கணமே கணினியும் அணையும். ஒரு கோப்பைச் சேமிப்பது என்றால் வன்தட்டில் பல இடங்களில் எழுத வேண்டும்: கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில், அதன் நீளம் வேறிடத்தில், எந்தக் கட்டங்கள் நிரம்பின என்ற வரைபடம் இன்னோர் இடத்தில். நடுவில் மின்சாரம் போனால் இவை ஒன்றுக்கொன்று முரண்படும். எக்ஸ்ட்4, நீளம், வரைபடம் போன்ற மாற்றங்களை உரிய இடத்தில் எழுதும் முன், ஒரு தனிப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. உப்பு ஏற்றும் இடத்தில் கணக்கு எழுதுபவர் இன்ன லாரிக்கு இத்தனை மூட்டை என்று நோட்டில் குறித்த பிறகே ஏற்றச் சொல்வதைப் போல. நடுவில் மழை வந்து வேலை நின்றாலும், நோட்டைப் பார்த்தால் எது முடிந்தது, எது பாக்கி என்று தெரிந்துவிடும். கணினி மறுபடி எழும்போது பதிவேட்டை வாசித்து, முழுமையாகக் குறிக்கப்பட்டதைச் செய்து முடிக்கும். அரைகுறையாகக் குறித்ததைத் தள்ளிவிடும். இது காப்பது கோப்பு முறைமையின் ஒழுங்கை மட்டுமே. நாம் கடைசியாகத் தட்டச்சிட்டுச் சேமிக்காத பத்தியை எந்தப் பதிவேடும் திருப்பித் தராது.

திரைப்பலகத் தேர்வில்தான் நினைவகத்தின் விதி தீர்மானமாகிறது. க்னோம் அழகானது, ஆனால் 2 ஜிபி கணினிக்குச் சுமை. எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி எடுத்தால், கணினி எழுந்து நின்றபின் சுமார் அரை ஜிபியிலேயே அடங்கிவிடும், மீதி நமக்கு. பார்க்க எளிமையாக இருக்கும் என்பதற்காகத் தயங்க வேண்டாம். பிறகு ஸெட்ரேம் என்ற வசதியைச் சேர்க்கலாம். நினைவகம் நிறையும்போது தகவலை வன்தட்டுக்கு அனுப்பாமல், சுருக்கி நினைவகத்திலேயே ஒரு மூலையில் அடைத்து வைக்கும் உத்தி அது. பல தகவல்கள் இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். சுருக்கவும் விரிக்கவும் செயலிக்குக் கொஞ்சம் வேலை உண்டுதான். வன்தட்டின் முள்ளுக்காகக் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. இத்தனையும் செய்த பிறகும் இணைய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால் கணினி திணறும். இன்றைய இணையப் பக்கங்கள் அப்படி எழுதப்படுகின்றன. நான்கைந்தோடு நிறுத்திக்கொண்டால் பாடக் காணொளியும் விண்ணப்பப் படிவமும் லிப்ரே ஆபிஸில் கணக்கும் நன்றாகவே நடக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியாத கணினி நம் ஊரில் பாதிக் கணினிதான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். விசைப்பலகை அமைப்பில் போய் வெறுமனே தமிழைச் சேர்த்தால், ஒரு விசைக்கு ஒரு குறி என்ற கணக்கில்தான் வேலை செய்யும். தமிழ்99இன் அழகே அதற்கு மேலே இருக்கிறது. உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் வருகிறது. ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகிறது. ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ‘ங்க’ ஆகிறது. தமிழில் எந்த மெய்க்குப் பின் எது வரும் என்ற இலக்கணத்தை விசைப்பலகையே அறிந்திருக்கிறது. முன்னால் என்ன தட்டினோம் என்று நினைவில் வைத்திருந்தால்தான் இது முடியும். அதற்கு ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறையையும் எம்17என் பொதியையும் நிறுவி, அதற்குள் இருக்கும் தமிழ்99ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வாரம் விரல் பழகிவிட்டால், ஆங்கில ஒலிவழி தட்டச்சுக்குத் திரும்ப மனம் வராது.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. மரக்காணம் இருக்கும் அதே மாவட்டத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுத் தரும் தன்னார்வலர்கள் அவர்கள். தெற்கே புதுச்சேரியிலும் வடக்கே காஞ்சிபுரம், சென்னையிலும் இத்தகைய குழுக்கள் உண்டு. 2012இல் த. சீனிவாசன் தொடங்கிய கணியம் மின்னிதழ் தமிழிலேயே லினக்ஸைச் சொல்லித் தருகிறது. அதன் நூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கணினியைத் தூக்கிக்கொண்டு இப்படி ஒரு குழுவிடம் போனால் ஒரு பிற்பகலில் நிறுவிவிடலாம். அங்கே பார்த்து நடந்ததை அடுத்த வீட்டுக் கணினியில் தானே செய்து பார்க்கும் மாணவி ஒருத்தி கிடைத்தால், 2011இல் வராத அந்த ஆள் வந்துவிட்டதாக நான் எடுத்துக்கொள்வேன்.

நிறுவியதோடு வேலை முடிவதில்லை; பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வர வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இந்தப் பழைய கணினிகளில் கிடையாது. டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. மூன்று ஆண்டு முழு ஆதரவும் அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டிப்புமாக 2030 வரை அதற்குத் திருத்தங்கள் வரும். 64 பிட் செயலி வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை இந்தப் பதிப்போடு டெபியன் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்புக்குப் போக மறுபடி பென்டிரைவ் தேவைப்படாது. பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியலும் ஓர் எழுத்துக்கோப்புதான். டெபியன் தன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரங்களின் பெயர்களை வைக்கிறது. 14ஆம் பதிப்பு வெளிவந்ததும் அந்தக் கோப்பில் 13ஆம் பதிப்பின் பெயரான ட்ரிக்ஸி இருக்கும் இடங்களில் 14இன் பெயரான ஃபோர்கி என்று மாற்றி, இரண்டு கட்டளைகளைக் கொடுத்துவிட்டு, மின்சாரம் போகாத ஒரு நாளாகப் பார்த்துக் காத்திருந்தால் போதும்.